கழிவு போக

பிரபு, நீ முனிராஜுவை அடித்தது உண்மை. அதற்காக ஓசூர் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டியதும் உண்மை. நம் பழைய இரும்பு யார்டு வாசலில் நின்று அவன் என்னைத் திருடன் என்று கத்தினான், அதைக் கேட்டுத்தான் நீ கை வைத்தாய், அதுவும் உண்மை. அவன் கத்தியதிலும் பொய் இல்லை. இந்தக் கடைசி உண்மையை மட்டும் உன்னிடம் சொல்லாமல் இத்தனை வருஷம் ஓட்டிவிட்டேன். இனி ஓட்ட முடியாது. இதை உனக்கு மட்டும் எழுதி உறையில் போட்டு ஒட்டியிருக்கலாம். அப்படி இல்லாமல், யார் கேட்டாலும் எடுத்துக் காட்டும்படி எழுதுகிறேன். ஏன் என்பது கடைசியில் உனக்கே தெரியும்.

போன வாரம் நீ போனில் அனுப்பியதை அன்றைக்கே படித்துவிட்டேன். கண்ணாடி பவர் மாறிவிட்டது, எழுத்து தெரியவில்லை என்று உன் அம்மாவிடம் சொன்னது சும்மா. நியூசிலாந்து விசாவுக்கு போலீஸ் சான்றிதழ் வாங்கினால் அந்தக் கேஸ் அதில் வந்து நிற்கிறது. என்ன நடந்தது என்று நீயே எழுதி, அந்த இடத்தில் இருந்த ஒருவர் கையெழுத்தோடு கொடுத்தால் நல்லது என்று அந்த ஊர் வக்கீல் சொல்லியிருக்கிறார். நீ இங்கிலீஷில் எழுதி, எனக்காகக் கீழே தமிழிலும் போட்டிருந்தாய். 'என் தந்தை எடையில் ஏமாற்றுகிறார் என்று அவர் பொய்யாகக் குற்றம் சாட்டினார். அந்தக் கோபத்தில் அடித்துவிட்டேன். அடித்தது என் தவறு.' இதற்குக் கீழே நான் கையெழுத்துப் போட வேண்டும். அடுத்த நாள் போன் பண்ணினாய். "அப்பா, படிச்சீங்களா? ஒரு வார்த்தைகூட மாத்த வேண்டாந்தானே?" என்று கேட்டாய். 'ஒரு வார்த்தைகூட' என்பதை நீ கொஞ்சம் அழுத்திச் சொன்ன மாதிரி இருந்தது. "எதுக்குப்பா மாத்தணும், நல்லாத்தான எழுதியிருக்க" என்றேன். அந்தப் பக்கம் மருமகள் கிளேர் உன்னை ஏதோ கேட்டாள், நீ "அப்புறம்" என்றாய். போனை வைத்த பிறகும் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கிளேர் முதல்முதலாக நம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டபோது இந்தக் கேஸ் பேச்சு வந்தது, நினைவிருக்கிறதா? விசாவுக்கு அது ஒரு தடையா என்று உன் அம்மா பயந்துபோய்க் கேட்டாள். கிளேர் ரசத்தைத் தம்ளரில் ஊற்றிக் குடித்துக்கொண்டே, நீ மொழிபெயர்க்க, சாதாரணமாகச் சொன்னாள். சின்ன வயதில் ஒருத்தனை அடித்தான் என்றால் அவள் ஊர் அதிகாரிகள் படித்துப் பார்த்து விட்டுவிடுவார்களாம். அதைப் பற்றி ஒரு பொய் எழுதிக்கொடுத்தான் என்று தெரிந்தால் விடமாட்டார்களாம். "அவங்க மட்டும் இல்ல மாமா, நானும்தான்" என்று தனக்குத் தெரிந்த தமிழில் அவளே சேர்த்தாள். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை என்று எனக்கு அப்போதே தெரியும். ஆகவே நான் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டால் உன் விசாவோடு சேர்த்து உன் குடும்பத்தின் மீதும் கல்லைத் தூக்கிப் போடுகிறேன். போடாவிட்டால் ஏன் போடவில்லை என்று சொல்ல வேண்டும். இதோ சொல்கிறேன்.

நான் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வந்தது ஃபேக்டரி வேலைக்கு. மிஷினில் நின்றால் வாழ்க்கை முழுக்க இன்னொருத்தன் ஷிஃப்டுதான் என்று புரிந்ததும் வெளியே வந்து, லேத் பட்டறைகளில் விழும் இரும்புச் சுருளை வாங்கி விற்க ஆரம்பித்தேன். பிறகு சூளகிரிக்கு இந்தப் பக்கம் ஹைவே ஓரமாக இடம் பிடித்து யார்டு போட்டேன். இதெல்லாம் நீ பலமுறை கேட்ட கதை. கதையில் நான் எப்போதும் விட்டுவிடுவது கழிவைத்தான். எங்கள் தொழிலில் கழிவு என்பது கெட்ட வார்த்தை இல்லை. பழைய இரும்போடு மண் வரும், துரு வரும், எண்ணெய் வரும், ரப்பர் வரும். அதற்காக எடையில் கொஞ்சம் கழிப்பார்கள். "கழிவு எவ்வளவு?" என்று விற்கிறவன் கேட்பான், வாங்குகிறவன் ஒன்று சொல்வான், இவன் அவன் அம்மாவை இழுப்பான், அவன் இவன் அப்பனை இழுப்பான், கடைசியில் இரண்டு பேரும் டீ குடிப்பார்கள். ஒவ்வொரு மூட்டைக்கும் இந்தச் சண்டை. நான் வெளியூர்க்காரன், கன்னடமும் தெலுங்கும் அப்போது அரைகுறை, சண்டையில் எப்போதும் நான்தான் தோற்பேன். ஒருநாள் எடை மிஷின் ரிப்பேர் பார்க்கிற ஒருவன், "வாயில எதுக்குண்ணே கழிக்கறீங்க? மிஷினையே கழிக்கச் சொல்லிட்டா சண்டையே இல்ல பாருங்க" என்றான். நூற்றுக்கு எட்டு குறைத்துக் காட்டும்படி திருத்திக் கொடுத்தான். தராசுக்கு அரசாங்க முத்திரை போட ஆள் வருகிற சமயம் சரி செய்துவிட்டு, போன பிறகு மறுபடி மாற்றிவிடுவான். அதற்குப் பிறகு என் கடையில் சண்டை நின்றுபோனது. "மத்த கடை மாதிரி இல்ல, இவரு கழிவே போடறதில்ல" என்று ஊரில் எனக்கு நல்ல பேர்கூட வந்தது. அந்தப் பேரை நம்பித்தான் சரக்கு குவிந்தது. அதில் கட்டின வீட்டில்தான் நீ வளர்ந்தாய்.

இது திருட்டு என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் மனதுக்குள் அதற்கு நான் வைத்த பேர் கழிவுதான். மண்ணுக்கும் துருவுக்கும் நியாயமாகக் கழிக்க வேண்டியதை நியாயமாகக் கழிக்கிறேன், சொல்லவில்லை, அவ்வளவுதான் என்று இருந்தேன். மண்ணே இல்லாமல் கழுவித் துடைத்துக் கொண்டுவந்தவனுக்கும் அதே எட்டுதான் போனது என்பதை நான் யோசிக்கவில்லை. யோசிக்க வைக்க ஒருத்தன் வந்தான், அவனை நீ அடித்தாய்.

முனிராஜு அப்போது பேரிகைப் பக்கத்து ஊர்களில் வீடு வீடாகப் போய்ப் பழைய சாமான் எடுத்துக் குட்டியானை வண்டியில் போட்டுக்கொண்டு வருவான். கொஞ்சம் வாய் ஜாஸ்தி, மற்றபடி தொழில்காரன். நீ பர்கூரில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தாய், லீவுக்கு வந்து யார்டில் உட்கார்ந்திருந்தாய். அன்றைக்கு அவன் நேராக நம்மிடம் வரவில்லை. பேரிகை தக்காளி மண்டித் தராசில் ஒவ்வொரு மூட்டையாகப் போட்டுப் பார்த்துவிட்டு வந்திருக்கிறான். நம் மிஷினில் முதல் மூட்டை ஏறியதுமே ஆரம்பித்துவிட்டான். "நின் தக்கடி கள்ள தக்கடி கணோ! தக்காளி வித்தவன்கூட நாணயமா நிறுத்தான், இரும்பு வாங்கறவன் காத்தை நிறுக்கறான்! கள்ளா, நீ கள்ளா!" தக்கடி என்றால் தராசு என்று ஓசூரில் இருக்கிற யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. லோடு ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நீ என்னைப் பார்த்தாய். இப்போதுகூட அந்தப் பார்வை எனக்குத் தெரிகிறது. 'அப்பா இப்போது மிஷினில் வேறு ஏதாவது வைத்து நிறுத்துக் காட்டி அவன் வாயை அடைப்பார்' என்று நீ காத்திருந்தாய். நான் காட்டவில்லை. "யோவ், மரியாதையா பேசு" என்று மட்டும் சொன்னேன். அவன் இன்னொரு தடவை கள்ளா என்றான். நீ இறங்கிப் போய் அறைந்தாய். வண்டியின் பின் கதவு மூலையில் மோதி அவன் புருவம் கிழிந்தது.

உன் அம்மா அன்றைக்கு உன்னை என்னமாய்த் திட்டினாள். "படிக்கிற பையன் கை நீட்டலாமாடா? நாலு பேரு நம்மள என்ன நெனைப்பாங்க?" என்றாள். நீ, "அப்பாவைத் திருடன்னு சொன்னாம்மா, கேட்டுட்டு நிக்கச் சொல்றியா?" என்றாய். நான் பக்கத்து அறையில் இருந்தேன். எனக்காக ஒருத்தன் கை ஓங்கினான், அதுவும் என் மகன் என்று பெருமையாகக்கூட இருந்தது. எழுதவே கூசுகிறது. இருந்தாலும் எழுதுகிறேன், பெருமையாகத்தான் இருந்தது.

இனி சொல்லப்போவதுதான் உனக்குத் தெரியாதது. ஸ்டேஷனில், அடிபட்டவன் சமாதானமாகப் போனால் கேஸ் நிற்காது, வெளியே போய்ப் பேசிக்கொண்டு வாருங்கள் என்றார்கள். எதிரே இருந்த டீக்கடையில் நானும் முனிராஜுவும் உட்கார்ந்தோம். புருவத்தில் தையல் போட்டு, நெற்றியில் கட்டோடு இருந்தான். ஆஸ்பத்திரிச் செலவு, அதற்கு மேலேயும் கொஞ்சம் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றான். "எனக்குப் பணம் வேணாம் சாவ்கார். பையன் சின்னப் பையன், அவன் மேல எனக்கு ஒண்ணும் இல்ல. என் மூட்டையை வேற தராசுல நிறுத்து, அது எவ்வளவு காட்டுதோ அத உங்க யார்டுல நாலு பேரு முன்னால சொல்லுங்க. இப்பவே உள்ள போய் கேசை வாபஸ் வாங்கிக்கறேன்." கேட்டது அவ்வளவுதான். நான் டீயைக் குடித்து முடித்துவிட்டு, "முடியாது" என்று எழுந்து வந்தேன். வெளியே பைக்கில் சாய்ந்து நின்றுகொண்டிருந்த உன்னிடம், "அவன் ஒத்துக்க மாட்டேங்கறான்ப்பா, ரொம்பப் பிடிவாதக்காரன்" என்று சொன்னேன். நீ நம்பினாய்.

பிறகு வக்கீலிடம் போனோம். எதிர்த்து நடத்தினால் முனிராஜு கூண்டில் ஏறி எதற்காகச் சண்டை என்று சொல்லுவான், தராசு பேச்சு வரும், மிஷினைப் பார்க்க ஆள் வரும். ஒப்புக்கொண்டால் அன்றைக்கே முடிந்துவிடும். எனக்கு எது லாபம் என்று கணக்குப் போடத் தெரியாதா? "ஆமாங்கய்யான்னு சொல்லிட்டு வாப்பா, ஃபைன் கட்டிட்டா பில் க்ளோஸ்" என்று சொல்லி உன்னை உள்ளே அனுப்பினேன். நம் ஆட்கள் எல்லோரும் இப்படித்தான் நினைக்கிறோம். அபராதம் என்றால் டோல்கேட்டில் கட்டுவது மாதிரி, கட்டினால் தாண்டிவிடலாம் என்று. ஒப்புக்கொண்டவன் கட்டுகிற அபராதம் தண்டனை என்றும், அது பேரோடு ஒட்டிக்கொள்ளும் என்றும் எனக்குப் புரியவில்லை. புரிந்திருந்தாலும் அன்றைக்கு அதையேதான் செய்திருப்பேனோ என்று இப்போது யோசிக்கிறேன். குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்டபோது நீ திரும்பி என்னைப் பார்த்தாய். நான் தலையை ஆட்டினேன். நீ ஆமாம் என்றாய். பிரபு, இன்னொருத்தர் தலையாட்டலைப் பார்த்து நீ வாயைத் திறந்தது அதுவே கடைசியாக இருக்கட்டும். அப்பனாக இருந்தாலும் சரி, பொண்டாட்டியாக இருந்தாலும் சரி.

அந்த ஆமாம் உன்னைத் துரத்தியது. காலேஜிலேயே உன்னை வேலைக்கு எடுத்த கம்பெனி, விசாரித்துப் பார்த்துவிட்டு வேலை இல்லை என்றது. "போனா போவுது, யார்டைப் பாத்துக்க" என்றேன். நீ வரவில்லை. பசுமைக்குடில்களுக்குச் சொட்டுநீர்ப் பைப்பும் பம்பும் மாட்டுகிற காண்ட்ராக்டரிடம் போய்ச் சேர்ந்தாய். அங்கே நியூசிலாந்திலிருந்து ரோஜாத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்திருந்த கிளேரைப் பார்த்தாய். ரிஜிஸ்தர் ஆபீஸில் கல்யாணம் முடிந்து எல்லோரும் சாப்பிடும்போது நான் ஒரு ஜோக் அடித்தேன். "அந்தக் கேஸ் இல்லேன்னா நல்ல வேலைக்குப் போயிருப்பான், வேலைக்குப் போயிருந்தா இந்தப் பொண்ணு கிடைச்சிருக்குமா? முனிராஜுக்குத்தான் முதல் பத்திரிகை வைக்கணும்." பந்தியே சிரித்தது. உன் அம்மா சிரிக்கவில்லை. நீ இலையைப் பார்த்தபடி இருந்தாய். கிளேர் என்ன ஜோக் என்று கேட்டாள், நீ சொல்லவில்லை.

கிளேரைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்தில் சொந்தக்காரர்களிடம் அவளைப் பற்றிச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. "கம்பெனியில பெரிய ஆபீசர்" என்று மட்டும் சொல்லிச் சமாளித்தேன். இந்த ஊர், இந்த ஜாதி என்று ஒன்றையும் சொல்ல முடியாத இடத்தில் சம்பந்தம் வைத்துக்கொண்டோமே என்று இருந்தது. இப்போது அவள் எதிரில் நிற்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. உன் விசா மெடிக்கல் டெஸ்டுக்காக பெங்களூர் போய்விட்டு இரண்டு பேரும் நேராக யார்டுக்கு வந்தீர்களே, அன்றைக்கு ஆரம்பித்தது. உனக்கு டெஸ்ட் எடுத்துக்கொண்டிருந்தபோது அவளும் சும்மா அந்த ஆஸ்பத்திரி மிஷினில் ஏறிப் பார்த்திருக்கிறாள். நம் யார்டு மிஷினைப் பார்த்ததும், "மாமா, நானும் இரும்பு. என்ன ரேட் போடுவீங்க?" என்று ஏறி நின்றுவிட்டாள். "துரு பிடிக்காத இரும்பும்மா, கூடக் கொஞ்சம் போட்டுத் தரலாம்" என்று நானும் சிரித்தேன். சிரித்த பிறகுதான் எதன் மேல் நிற்கிறாள் என்று உறைத்தது. ஐம்பத்தேழு காட்டியது. "காலைல அறுபத்திரெண்டு!" என்று கை தட்டினாள். "பிரபு, நீயும் ஏறு!" என்று உன் கையைப் பிடித்து இழுத்தாள். நீ ஏறினாய். அறுபத்தொன்பது. உன் எடை எழுபத்தைந்து என்று எழுதிய ஆஸ்பத்திரிக் காகிதம் உன் கையிலேயே இருந்தது. நீ அதை ஒரு தடவை பார்த்தாய். என்னைப் பார்க்கவில்லை. "பழைய மிஷின், கண்ட இரும்பையும் போட்டுப் போட்டுத் தேஞ்சிருக்கும்" என்று சொல்லிவிட்டு இறங்கினாய். "ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரியா தேஞ்சிருக்கு?" என்றாள் அவள். உரத்துக்குத் தண்ணீர் கலக்கிற கணக்கையே கிராம் சுத்தமாகப் பார்க்கிற பெண். நீ அவளை டீ குடிக்கக் கூட்டிக்கொண்டு போய்விட்டாய். எனக்காக நீ இன்னொரு தடவை ஒருத்தர் வாயை அடைத்தாய், இந்தத் தடவை கையால் இல்லை.

அதற்குப் பிறகும் நீ எழுதியதில் 'பொய்யாக' என்ற சொல் இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இவன் இன்னுமா நம்புகிறான், இல்லை என்னைச் சோதிக்கிறானா என்று குழம்பிக் கிடந்தேன். உன் அம்மா தோசை வார்த்துக்கொண்டே, "ஏங்க, பையன் அனுப்பினதுல கையெழுத்துப் போட்டாச்சா?" என்றாள். இல்லை என்றேன். "அந்த மிஷின்தான?" என்றாள். எவ்வளவு நாளாகத் தெரியும் என்று கேட்டேன். "வீட்டுப் பழைய பேப்பரை நீங்களே நம்ம மிஷின்ல போட வேணாம், மளிகைக்கடைத் தராசுல போடுன்னு சொன்னீங்களே, அன்னைலேர்ந்து" என்றாள். தோசைக் கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டு, "முனிராஜுவைப் போய்ப் பாத்துட்டு வாங்க. வந்து எழுதுங்க. இல்லாட்டி நான் எழுதறேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பேரிகைக்குப் போனேன். முனிராஜு இரும்பை விட்டுவிட்டான். இப்போது ரோஜாப் பெட்டிகளை ஏற்றி இறக்குகிறான். வீட்டு வாசலில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். புருவத்தில் தழும்பு அப்படியே இருக்கிறது.

"வாங்க சாவ்கார், வாங்க! வழி தப்பிட்டீங்களா? இங்க பழைய இரும்பு ஒண்ணும் இல்ல, நான்தான் இருக்கேன்."

"முனிராஜு, பையன் வெளிநாடு போறான். அந்தக் கேஸ் விஷயமா ஒரு காகிதம்..."

"தெரியும், தெரியும். பூ கம்பெனி வெள்ளைக்காரம்மாதான? நல்ல பொண்ணு. பெட்டியைத் தூக்கிப் போட்டா மட்டும் கன்னடத்துல திட்டும்."

நின்றபடியே, "உனக்கு என்ன வேணுமோ கேளு, தந்துடறேன், அன்னைக்குச் சமாதானமாப் போக நீ தயாரா இருந்தேன்னு ஒரு கையெழுத்து போதும்" என்றேன். அவன் தண்ணீர்ப் பைப்பை மூடினான். "எவ்வளவு வேணா தருவீங்களா?" என்றான். தருகிறேன் என்றேன். "கழிவு போக எவ்வளவு?" என்று கேட்டான்.

அவன் வண்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். வெகுநேரம் சிரித்துவிட்டு, தலைகீழாகக் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்து நிமிர்த்திப் போட்டான். "உக்காருங்க. நானும் ஒண்ணும் யோக்கியன் இல்ல. உங்க தக்கடி புத்தி தெரிஞ்சப்புறம் மத்த கடைக்கெல்லாம் மூட்டை அடியில ஈர மண்ணு வெச்சுத்தான் போட்டேன். நீங்க கழிச்சீங்க, நான் கலந்தேன். தொழில் அது. ஆனா என் திருட்டுக்கு என் மகனை நான் கோர்ட்டுக்கு அனுப்பல சாவ்கார்."

பிறகு சொன்னான். நீ அவனைப் போய்ப் பார்த்திருக்கிறாய். கிளேரோடு பழகுகிறதற்கு முன்பே, பம்பு வேலைக்குச் சேர்ந்த புதிதில், பெட்டி இறக்க வந்தவனிடம் போய் மன்னிப்புக் கேட்டிருக்கிறாய். கேட்டுவிட்டு, "அண்ணா, நிஜமாவே தராசு குறைச்சுதா?" என்றும் கேட்டிருக்கிறாய். "நீங்க என்ன சொன்னீங்க?" என்றேன். என்னை அறியாமல் 'நீங்க' வந்துவிட்டது. "உங்கப்பனையே கேளுன்னேன்" என்றான். "கேட்டானா?"

கேட்கவில்லை என்று தலையை ஆட்டினேன். நீ என்னைக் கேட்கவே இல்லை. கேட்டால் நான் பொய் சொல்லுவேன், அதை நீ கேட்டுக்கொண்டு நிற்க வேண்டிவரும் என்று விட்டுவிட்டாயா? 'ஒரு வார்த்தைகூட மாத்த வேண்டாந்தானே' என்று நீ கேட்டது என்ன கேள்வி என்று பேரிகையில் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்குப் புரிந்தது. நீ எனக்கு ஒரு வழி திறந்து வைத்தாய். நான் அதையும் மூடிவிட்டு, நல்லாத்தான எழுதியிருக்க என்று சொன்னேன்.

வீட்டுக்கு வரும்போது பழக்கதோஷத்தில் கணக்குப் போட்டேன். மிஷினைச் சரி செய்தால் லாபம் எவ்வளவு குறையும் என்று. மறைத்து என்ன ஆகப் போகிறது, வண்டி ஓட்டிக்கொண்டே போட்டேன். அதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. விஷயம் தெரிந்தால் பழைய ஆட்கள் எல்லோரும் வாசலில் வந்து நிற்பார்கள். யார் யாருக்கு எவ்வளவு கழித்தேன் என்று எனக்கே தெரியாது, திருப்பித் தரவும் வழியில்லை. அவர்கள் திட்டுவதை நின்று கேட்க வேண்டும். முனிராஜு கள்ளா என்று கத்தியபோது நான் கேட்டுக்கொண்டு நின்றிருக்க வேண்டியதைத்தான் இனி கேட்கப் போகிறேன். நீ இங்கே இருக்க வேண்டாம். எவனாவது உன்னிடம் வந்து சொன்னால், ஆமாம், எங்கப்பா அப்படித்தான் செய்தார் என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இரு. கை ஓங்காதே.

கிளேரோடு உனக்குச் சண்டை வரும். ஊர் வேறு, சாப்பாடு வேறு, பேச்சு வேறு, வராமல் இருக்காது. சண்டை வரட்டும். வாய்விட்டுப் போடுங்கள், பிறகு டீ குடியுங்கள். சண்டை வரக் கூடாது என்பதற்காக யாருக்கும் தெரியாமல் எதையாவது குறைத்துக் காட்ட ஆரம்பித்தாய் என்றால், வீட்டில் சத்தமே இருக்காது, நல்ல பேர்கூட வரும். நான் அப்படித்தான் நல்ல பேர் வாங்கினேன். இந்தக் கடிதத்தை அவளுக்கு நீயே வாசித்துக் காட்டு. எதையும் விட்டுவிட்டு மொழிபெயர்க்காதே. ரிஜிஸ்தர் ஆபீஸ் அன்றைக்கு நான் அடித்த ஜோக்கையும் சேர்த்துச் சொல்லு.

முனிராஜுவோடு பேசி முடித்தது இது. பர்கூர்க் கருங்கல் ஒன்று, மண்டித் தராசில் நிறுத்து ஐம்பது கிலோவுக்குச் செதுக்கி, எடை எண் வெட்டி, என் செலவில் யார்டு மிஷின் பக்கத்தில் வைக்க வேண்டும். சரக்கு கொண்டுவருகிற யாராக இருந்தாலும் முதலில் கல்லைத் தூக்கி வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். ஐம்பது காட்ட வேண்டும். முதல் நாள் அவனே வந்து தூக்கி வைப்பான். மண்ணுக்கும் துருவுக்கும் கழிப்பதை இனி வாயால் சொல்லித்தான் கழிக்க வேண்டும், சண்டை வந்தால் வரட்டும். இந்தக் கடிதத்தில் ஒரு நகல் அவனிடம் இருக்கும், கேட்கிறவர்களுக்கு அவன் காட்டுவான். பதிலுக்கு, அன்றைக்குச் சமாதானத்துக்கு அவன் சம்மதித்தான் என்றும் நான்தான் மறுத்தேன் என்றும் எழுதி அவன் கையெழுத்து, அதன் கீழே என் கையெழுத்து. இரண்டும் இத்துடன் இருக்கின்றன. நீ எழுதியதிலும் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன், 'பொய்யாக' என்ற சொல்லை அடித்துவிட்டு. பணம் என்று அவன் எதுவும் வாங்கவில்லை. கழிவு எதுவும் இல்லை.